முதல் மீன் யாரைக் கட்டிக்கொண்டது?

இன்னும் முகம் காட்டாத என் பிள்ளைக்கு,

உனக்கு இருபத்தோரு வயதான பிறகுதான் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். எழுதுகிற எனக்குப் பதினேழு. என்னைவிடப் பெரிய ஒருவருக்கு நான் புத்தி சொல்லப் போகிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நீ மகனா மகளா என்றும் தெரியாது. என் மாமியார் வயிற்றைப் பார்த்துவிட்டு மகன்தான் என்கிறார். என் அம்மா அதே வயிற்றைப் பார்த்துவிட்டு மகள் என்கிறார். இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வளைகாப்பு முடிந்து காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு, என் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. கல்யாணம், உத்தியோகம், நாலு பேரோடு பழகுவது பற்றியெல்லாம் பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எழுதுவார்கள். அதிலெல்லாம் எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதை நானே கண்டுபிடித்தேன். இப்போதே உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நான் எட்டாம் வகுப்பு முடிக்கவில்லை. பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். அப்போது விஞ்ஞானப் பாடத்தில் தவளை வரைக்கும் வந்திருந்தோம். தவளைக்கு அப்புறம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பது என்றாலே எனக்கு அவ்வளவு கூச்சம். கல்யாணமாகிக் காலடிப்பேட்டைக்குப் போன பிறகும் அப்படித்தான். அத்தை, அதாவது என் மாமியார், எது சொன்னாலும் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். "மருமவ நல்லாத்தான் கீறா, வாயத்தான் அவங்க அம்மா வூட்லயே வெச்சிட்டு வந்துட்டா" என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. விழாதது போலப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். ஆகவே முதல் புத்திமதியை இங்கேயே எழுதிவிடுகிறேன்: கேள்வியை வயிற்றிலேயே வைத்துப் பழகாதே. அது ஜீரணமாவதில்லை.

உன் அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச்சில் வேலை செய்கிறார். வேலை விட்டு வரும்போது டோல்கேட் பக்கம் தொழிலாளிகள் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தில் நுழைந்து பழைய பத்திரிகை ஏதாவது எடுத்து வருவார். அடுப்படி வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். அத்தை காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, மிஞ்சிய மீனை அரிவாள்மனையில் வைத்துச் செதில் சீவிக்கொண்டே கேட்பார். நான் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்பேன். இந்த மாசிப் பனி விட்ட சமயத்தில் ஒரு நாள் அவர் படித்தது உயிரினங்களைப் பற்றிய கட்டுரை. கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் தீவுகளுக்கு ஒரே வகைக் குருவிகள் எப்போதோ போய்ச் சேர்ந்தனவாம். ஒவ்வொரு தீவிலும் தனித்தனியாக இருந்து இருந்து, தலைமுறை தலைமுறையாக மாறி, கடைசியில் ஒன்றோடு ஒன்று சேராத வேறு வேறு இனங்களாகவே ஆகிவிட்டனவாம். உலகத்தில் உள்ள அத்தனை உயிரினங்களும் இப்படிப் பழையதிலிருந்து பிரிந்து வந்தவைதானாம். எனக்குக் கை நின்றுவிட்டது. குழம்பு அடிப்பிடித்தது. தவளைக்கு அப்புறம் இதுதான் வந்திருக்குமோ என்று நினைத்தேன்.

அத்தை அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தார். "இன்னா நைனா படிச்ச, திருப்பிப் படி" என்றார். உன் அப்பா திருப்பிப் படித்தார்.

"சரி. புச்சா ஒரு ஜாதி மீனு பொறக்குதுன்னு வெச்சிக்க. மொத மொதல்ல பொறக்கறது ஒண்ணுதான? அது ஒண்டியாத்தான நிக்கும்? அது யார கட்டிக்கும்? பழைய ஜாதியக் கட்டிகிச்சின்னா அதும் புள்ள திரும்பியும் பழசாப் பூடும். கட்டிக்கலன்னா அதோட செத்துப் போச்சி. அப்பாலே எப்பிடிப் பெருகும்?"

உன் அப்பா பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தார். "அது இதுல போடல" என்றார்.

"போடல இல்ல, எழுதனவனுக்கே தெர்ல" என்று சொல்லிவிட்டு அத்தை அடுத்த மீனை எடுத்தார்.

அவர் அதோடு அதை விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை. எங்கள் குப்பத்தில் பாதிக் கல்யாணங்கள் அத்தை பேசி முடித்தவை. அதனால்தான் குருவியைப் பற்றிப் படித்தாலும் அதன் ஜோடியைப் பற்றிக் கேட்டார். ஆனால் அது எவ்வளவு சரியான கேள்வி என்று நினைத்துப் பார்! முதல் மீன் யாரைக் கட்டிக்கொண்டது? துவைக்கும்போதும் கோலம் போடும்போதும் இதே நினைப்பு. அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் எண்ணூர்ப் பள்ளம் ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளைக்காரர்கள் ரயில் பாதை போட்டபோது, பாதையை மேடாக்குவதற்குக் உப்பங்கழி ஓரத்திலிருந்தே மண் வெட்டி எடுத்தார்களாம். மேடு எழும்பியதும் கழி ஒரு பக்கம், மண் வெட்டிய பள்ளம் மறுபக்கம் என்று ஆகிவிட்டது. பள்ளத்தில் அகப்பட்ட மீன்கள் அங்கேயே குஞ்சு பொரித்து அங்கேயே வாழ்கின்றன. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ரயில் மேட்டைத் தாண்டியதில்லை என்று என் அப்பா சொல்வார். அந்தப் பள்ளத்திலும் கழியிலும் செல்லாக்காசு என்று நாங்கள் சொல்லும் சின்ன மீன் உண்டு. தட்டையாக, வட்டமாக, மஞ்சளாக, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டோடு இருக்கும். சிறு வயதில் பாவாடையில் அள்ளி விளையாடியிருக்கிறேன். கழி மீன் நல்ல மஞ்சள். பள்ளத்து மீன் அதைவிடச் சின்னது, மஞ்சள் மங்கிப் பாசி நிறமாக இருக்கும், பொட்டும் பெரிது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பெரிதாக நினைத்ததில்லை. இப்போதுதான் எனக்கு அது பெரிதாகப் பட்டது. ரயில் மேடுதான் கடல்! பள்ளம்தான் தீவு! இந்த இரண்டு மீனும் இன்னும் ஒன்றோடு ஒன்று சேருமா, சேராதா? சேராவிட்டால் அங்கே ஒரு புது இனம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் அத்தை கேட்ட அந்த முதல் மீனும் அங்கேதான் எப்போதோ பிறந்து, எப்படியோ ஜோடியும் கண்டுபிடித்திருக்க வேண்டும். சேராது என்றே நான் நினைத்தேன். சேரக் கூடாது என்று ஆசைப்பட்டேன் என்று சொல்வதுதான் உண்மை.

உன் அப்பாவிடம் கேட்பதற்கே எனக்குச் சில நாள் பிடித்தது. பள்ளத்து மீன் ஒன்றும் கழி மீன் ஒன்றும் உயிரோடு வேண்டும், ஒன்று ஆண், ஒன்று பெண் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இம்மாம் நாளு இத்தயெல்லாம் எங்கமே வெச்சினு இருந்த?" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே எண்ணூருக்குப் போய் ஒரு குடத்தில் இரண்டு மீனோடு வந்தார். என் அப்பா சொல்லி அனுப்பியதையும் அப்படியே ஒப்பித்தார். "மீனு கொழம்புக்குக் கேப்பாங்க, கருவாட்டுக்குக் கேப்பாங்க, கண்ணாலம் பண்ணி வெக்கறதுக்கு ஒரு பொண்ணு கேட்டுச் சொல்லி அனுப்பறத இப்பத்தான் பாக்கறேன். ஆணு பொண்ணுன்னு பாத்துக் குடுக்க அதுங்க இன்னா மீசையா வெச்சினு கீது? கைக்கு ஆப்ட்டதக் குடுத்துட்டேன்."

அவர் சொன்னது சரிதான். செல்லாக்காசில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அது ஜோடி சேர்ந்து முட்டை போட்டுக் காவல் நிற்கும்போதுதான் எது எது என்று தெரியும். பின்கட்டில் துணி துவைக்கக் கட்டியிருந்த சிமெண்டுத் தொட்டியில் உப்புக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, கொஞ்சம் மணலும் நாலு ஓட்டுத் துண்டும் போட்டு இரண்டையும் விட்டேன். அத்தை மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையைக் கழுவத் தொட்டிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாடா இது கலீஜ்! பொழுதினிக்கும் மீனோட மாரடிச்சிட்டு வூட்டுக்கு வந்தா இங்கியும் மீனா?" என்றார். நான் தலையை ஆட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய காரியம். உன் அப்பா இடையில் புகுந்து, "வாயும் வவுறுமா கீறா, ஆசைப்பட்டா. வுடேன்" என்றார். நீ வயிற்றில் இருந்ததால் அன்றைக்கு நான் தப்பித்தேன். அதற்காக உனக்கு இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. பள்ளத்து மீன் ஒரு மூலையில், கழி மீன் ஒரு மூலையில். கிட்டே வந்தால் துரத்திக்கொள்ளும், பிறகு விலகிக்கொள்ளும். இதற்குள் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். முடிந்த கையோடு என்னை எண்ணூருக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அப்புறம் குழந்தை, தொட்டில், அழுகை. தொட்டியை யார் பார்ப்பார்கள்? என் வாழ்நாளில் எதையும் நான் கடைசிவரை பார்த்ததில்லை. பாடம் தவளையோடு நின்றது. இது ஒன்றையாவது கடைசிவரை பார்த்துவிட வேண்டும், அத்தையின் கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. சாப்பிடுகிற தட்டோடு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அத்தையும் கூடை கழுவுகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். "இன்னும் மூஞ்சியத் திருப்பினுதான் கீதுங்களா?" என்பார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டுவேன்.

ஒரு நாள் காலை தொட்டியைப் பார்த்தால் ஐந்து மீன்! எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பாசி நிறத்தில் ஒன்றுதான், பள்ளத்து மீன். மற்ற நாலும் மஞ்சள். "யாரு வுட்டாங்க?" என்று நான் கத்தினேன். கத்தினேன் என்றால் உண்மையாகவே கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அத்தை நிதானமாக வெற்றிலையை மடித்தார். "நாந்தான். கழியிலேர்ந்து வர்ற பொம்பளைங்க கையில உசுரா கெடச்சிது, வாங்கியாந்தேன். நானும் பாத்துகினேதான் கீறேன். ஒரே மாப்ளயக் கொண்டாந்து நிறுத்தி, கட்டிக்கோ கட்டிக்கோன்னா எந்தப் பொண்ணு ஒத்துக்கும்? பொண்ணு குடுக்கறதுன்னா நாலு எடம் பாக்கோணும். அதுவுமில்லாம ரெண்டும் பொட்டையா கீதோ இன்னாவோ, ஒனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு ஒரே ஒரு எடம்தான காட்டனீங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அத்தை வெற்றிலையை வாயில் போடாமல் என்னைப் பார்த்தார். திண்டாடிப் போனேன். பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "டேய் நைனா! ஓடியாடா! ஒம் பொண்டாட்டிக்கு வாயி வந்துட்ச்சி!"

என் சோதனை பாழாகிவிட்டது என்று அன்று முழுவதும் அழுதேன். இப்போது யோசித்தால் அத்தை செய்ததுதான் சரி. ஒன்றுக்கு ஒன்று என்று விட்டால் அவை சேராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இரண்டும் ஒரே பாலாக இருக்கலாம், ஒன்றுக்கு மற்றதைப் பிடிக்காமலும் இருக்கலாம். அதை வைத்து ரயில் மேட்டைக் குற்றம் சொல்ல முடியாது. நீ என்ன வேலை செய்தாலும் இதை மனதில் வை. உன் காரியத்தில் யாராவது கையை வைத்துக் கெடுத்துவிட்டால் முதலில் அழு, தப்பில்லை. அழுது முடித்ததும் அவர்கள் கெடுத்தார்களா, சரி செய்தார்களா என்று ஒரு தரம் பார்.

ஏனென்றால் கொஞ்ச நாளிலேயே பாசி நிற மீன், புதிதாக வந்த மஞ்சள் மீன் ஒன்றோடு ஓட்டுத் துண்டைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாலை ஆட்டின. ஓட்டை வாயாலேயே சுத்தம் செய்தன. பிறகு ஒரு நாள் மத்தியானம் ஓட்டின் மேல் எள் தூவியது போல் முட்டைகள்! மற்ற மீன்கள் பக்கத்தில் வந்தால் இரண்டுமாகச் சேர்ந்து விரட்டின. ஒன்று மாற்றி ஒன்று துடுப்பால் விசிறிக்கொண்டே நின்றன. எனக்குச் சந்தோஷமும் ஏமாற்றமும் ஒன்றாக வந்தன. சேர்ந்துவிட்டனவே! ஆனாலும் முட்டை போட்டால் போதுமா, பொரிய வேண்டாமா? மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளை பூத்துப் போயிருந்தது. பொரியாத முட்டைதான் அப்படிப் பூக்கும். ஆகா, நான் நினைத்தது சரி, இவை இரண்டும் வேறு வேறு இனம்தான் என்று குதித்தேன். உன் அப்பா, "குதிக்காதமே" என்று அதட்டினார். நீ உள்ளே இருப்பது எனக்கு அப்போது மறந்தே போயிருந்தது, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் மிச்சமிருந்த முட்டைகளில் கறுப்பாகக் கண் தெரிந்தது. வளைகாப்புக்கு முன்பாகவே அவை பொரிந்தன. தூசி போலக் குஞ்சுகள். நீந்தத் தெரிந்ததும் அத்தனையும் தாய் தகப்பன் உடம்பிலேயே போய் மொய்த்துக்கொண்டன. பாசி நிறத்தின் மேலும் மொய்த்தன, மஞ்சளின் மேலும் மொய்த்தன. அவற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, என் நினைப்பு தப்பு. அவை இன்னும் இரண்டு இனமாகவில்லை. முட்டை பாதி பூத்ததற்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர்கூடக் காரணமாக இருக்கலாம். தோற்றுப் போனவளாகத் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து அந்தக் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான், பிள்ளையே, எனக்குப் புரிந்தது! நான் ஒரே இனம், இல்லாவிட்டால் இரண்டு இனம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். கண் முன்னால் நிற்பது ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. ஒன்றாக இருந்தது இரண்டாகப் போகிற வழியில் எங்கேயோ நிற்கிறது. நிறம் மாறிவிட்டது, அளவு மாறிவிட்டது, சேர்வது மட்டும் இன்னும் மாறவில்லை. இந்த வழியில் எந்த மீன் தனியாகப் போயிற்று? எதுவுமே போகவில்லை! பள்ளத்து மீன்கள் எல்லாமே கூட்டமாகப் போகின்றன. அதில் ஒவ்வொரு குஞ்சும் தன் தாயைப் போலத்தான் இருக்கிறது, பக்கத்தில் நீந்துகிற மீனோடு சேரத்தான் செய்கிறது. எந்தத் தாயும் தன் இனமல்லாத பிள்ளையை ஒரு நாளும் பெற்றதில்லை. அப்படியிருந்தும் ரயில் மேடு அப்படியே நின்று, பள்ளமும் தூர்ந்து போகாமல் இருந்தால், எங்கோ தொலைவில் ஒரு காலத்தில் பள்ளத்து மீனும் கழி மீனும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. முதல் மீன் என்று ஒன்று இல்லவே இல்லை. இல்லாத மீனுக்கு எதற்கு ஜோடி?

அன்று உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, "அம்மாகிட்ட நீயே சொல்லு. கேட்டது அவங்கதான்" என்றார். இன்று சொல்வோம் நாளைக்குச் சொல்வோம் என்று வளைகாப்பு நாளே வந்துவிட்டது.

வீடு நிறையப் பெண்கள். என் கையில் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அத்தை என் கன்னத்தில் சந்தனம் தடவிக்கொண்டே, "இன்னிக்கோட தொட்டி எனக்குத் திரும்பி வந்துரும்" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தே, நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, மொத மீனு யார கட்டிகிச்சின்னு."

"கேட்டேன்."

"நீங்க பொறந்த வூடு ராயபுரத்துல எங்க இருந்திச்சி அத்தே?"

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "அது ஏம்மா இப்போ? ஹார்பர் கட்டனப்பறம் கடலு வடக்கால தின்னுகினே வந்திச்சி. எங்க வூடு இருந்த எடத்துல இப்போ கட்டுமரம் போவுது."

"எந்த அலை அத்தே அத்த அடிச்சினு போச்சி?"

"எந்த அலைன்னு சொல்றது? ஒரு அலையா ரெண்டு அலையா? நெதம் ஒரு புடி மண்ணு போச்சி. நேத்து இருந்த மாரிதான் இன்னிக்கும் இருந்திச்சி. ஒரு நாளு திரும்பிப் பாத்தா வாசலே இல்ல."

"அப்பிடித்தான் அத்தே மீனும். மொத அலைன்னு ஒண்ணு கெடையாது. மொத மீனும் கெடையாது. எந்த மீனும் ஒண்டியா நிக்கல. எல்லாத்துக்கும் பக்கத்துலயே ஜோடி கீது. எல்லாம் கூட்டமா, நெதம் ஒரு புடி மாறினே போவுது. திரும்பிப் பாக்கறப்பத்தான் வேற ஜாதி."

இவ்வளவு நீளமாக நான் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. வளையல்காரர்கூட வளையலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அத்தை சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் பார்த்தார். அவர் மணலையும் மீனையும் ஒன்றாக வைத்து யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

"அட ஆமா" என்றார். "யாரும் ஒண்டியா நிக்கல. அதான் பெருகுது." பிறகு பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்து, "கேட்டீங்களாடி? எழுதனவனுக்கே தெரியாதது எம் மருமவளுக்குத் தெரிஞ்சிகீது!" என்றார். அதற்குள் என் அப்பா வண்டியோடு வந்துவிட்டார். பெட்டியை ஏற்றினார்கள், என்னையும் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போது அத்தை வேகமாக வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தொட்டியைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இந்தா பொண்ணே. மீனு இன்னும் போய்கினே கீதுன்ற. அப்போ நாம? நாமளும் இப்டியே போய்கினேதான் கீறோமா? போனா இன்னாவா ஆவோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். அத்தை, "சரி, யோசிச்சி வையி" என்று சட்டத்தை விட்டார்.

எண்ணூரில் உட்கார்ந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இங்கே பள்ளம் பக்கம்தான். பள்ளத்து மீனுக்குப் பள்ளத்து ஜோடியும் கழி ஜோடியும் ஒரே இடத்தில் கிடைத்தால் எதைத் தேடிப் போகும் என்று நான் இன்னும் பார்க்கவில்லை. அதை நீ பார். நாலைந்து தொட்டியில் வைத்துப் பார், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு என்னைப் போலக் குதிக்காதே. என் நினைப்பு தப்பென்று தெரிந்த நாள்தான் இதுவரை என் வாழ்க்கையில் மிகவும் நல்ல நாள் என்பதையும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். உனக்கும் அப்படி ஒரு நாள் கிடைக்க வேண்டும். நீ எத்தனை வகுப்பு படிக்கிறாயோ, தவளையைத் தாண்டிப் படி. ஆனால் அத்தையின் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதிலும் இல்லாமல் போகலாம். இல்லாவிட்டால் பயப்படாதே, நீயே கண்டுபிடி. கண்டுபிடித்ததும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் ஓடி வந்து சொல். அத்தைதான் கேட்டது, அவரிடம் முதலில் சொல். பிறகு என்னிடம் சொல்.

உன் அம்மா